திருகோணமலை வீடுகளும் மின்கம்பியும்

புதிதாய்க் கட்டிய வீட்டிலேனும் பிறரிடம் விலைக்கு வாங்கிய வீட்டிலேனும் குடிபுகுமுன் திருகோணமலைப் பக்கத்துக் குடும்பங்கள் எவையெவற்றைப் பரீட்சித்து வந்தன என்று முதியோரைக் கேட்டால், கிணற்று நீர் உவரா நன்னீரா என்பதும், தலைவாசல் எத்திசை நோக்கியது என்பதும், முகட்டு வளையும் கைமரங்களும் செல்லரிக்காதவையா என்பதும், உறுதியிலே வில்லங்கம் ஏதும் உண்டா என்பதும் அவர்கள் சொல்லும் வரிசையில் முன்னிற்கும். பின்னர் நல்ல நாள் பார்த்து, குத்துவிளக்கேற்றி, பால் காய்ச்சிக் குடிபூரல் நடந்தேறும். சுவரிலும் முகட்டுக்குக் கீழும் ஓடும் மின்கம்பியைப் பற்றி வினவுவோர் அரியர். ஆளியைத் தட்டினால் குமிழ் எரிந்ததா என்பதோடு அந்தப் பரீட்சை முடிந்துவிடும். இத்தனைக்கும் மின்சாரத்தை விதிகளோடும் அளவுகருவிகளோடும் கையாளும் பழக்கம் இந்தத் துறைமுகத்துக்கு நெடுநாளாய் உண்டு. கப்பலோடு வந்த அந்த வித்தையில் வெளிச்சம் மாத்திரம் ஊருக்குள் இறங்கிற்று, பரீட்சிக்கும் வழக்கமோ பெரும்பாலும் கடற்படை மதிலுக்குள்ளேயே தங்கிவிட்டது என்பது என் எண்ணம். அதன் சரித்திரத்தை இங்கே சிறிது விரித்துரைக்கிறேன்.

கொட்டியாரக் குடாவின் வடபால், மலைகளும் தீவுகளும் அரணாகச் சூழ, எப்பருவத்திலும் கப்பல்கள் நிர்ப்பயமாகத் தங்கத்தக்க உட்துறைமுகம் அமைந்திருப்பதனாலேயே, போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் பிரித்தானியரும் ஒருவர் பின் ஒருவராக இவ்விடத்துக்கு ஆசைப்பட்டனர். கோணேசர் ஆலயம் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டு அதன் கற்கள் கோட்டைச் சுவராயின. 1795 இல் கோட்டையைக் கைப்பற்றிய பிரித்தானியர் 1957 வரை, அஃதாவது 162 ஆண்டுகள், துறைமுகத்தை விடவில்லை. அந்த நெடுங்காலத்தின் பெரும்பகுதியில் ஊர் வீடுகளுக்கு ஒளி தந்தவை தேங்காயெண்ணெயும் இலுப்பெண்ணெயும் புன்னையெண்ணெயும் ஊற்றிய அகல்களே. அதன்பின் மண்ணெண்ணெய் வந்தது. போத்தல் விளக்கும் சிமினி விளக்கும் அரிக்கன் லாம்பும், கலியாணத்துக்கும் கோயிற்றிருவிழாவுக்கும் இரைச்சலோடு எரியும் பெற்றோமாக்சும் வந்தன. போத்தல் விளக்கு சரிந்து ஓலைக்கூரை பற்றியெரிந்த துக்கங்கள் எத்தனையோ உண்டு. ஆயினும் அந்த ஆபத்து கண்ணுக்குத் தெரிவது. திரி உயர்ந்தால் புகை எழும். எண்ணெய் கசிந்தால் மணக்கும். குழந்தையும் அதை அறிந்து விலகும். மின்சாரம் கசிந்தால் மணமுமில்லை, புகையுமில்லை. கருவி கொண்டே அறியவேண்டியதாகையால், அதன் வருகையோடு பரீட்சை என்னும் புதுக் கருமமும் உடன் வந்தது.

அந்தக் கருமம் எழுதப்பட்ட விதியாக உருப்பெற்ற ஆண்டு 1882. இலண்டனிலே தந்தி, மின்சாரப் பொறியியலாளர்களின் சங்கம், மின்விளக்குகளால் நேரக்கூடிய தீவிபத்துகளைத் தடுப்பதற்கான விதிகளை அவ்வாண்டிலேயே முதன்முதலாக வெளியிட்டது. இன்று இலங்கையில் வீட்டு வயரிங் செய்வோர் மேற்கோள் காட்டும் பிரித்தானிய விதிநூலின் மூலபுருஷன் அந்தச் சிறு பிரசுரமே. அதே ஆண்டில், மின்விளக்கு பொருத்தப்பட்ட போர்க்கப்பல்களுள் முற்பட்டதான 'இன்ஃபிளெக்சிபிள்' என்னும் கப்பலில் மாலுமி ஒருவர் மின்தாக்கி மாண்டார். பிரித்தானியக் கடற்படையிலே மின்சாரம் கொண்ட முதலுயிர் அதுவே என்பர். அதன் பின்னர் கப்பல்களுக்கு 80 வோல்ற் என்னும் தாழ்ந்த அழுத்தமே பொதுவிதியாக்கப்பட்டது. ஒருவர் மாண்டபின்னரே விதி பிறப்பது எந்தத் தொழிலிலும் காணும் காட்சிதான். கடற்படையினர் அதனை உடனே எழுதிவைத்துக் கப்பலுக்குக் கப்பல் கட்டளையாக அனுப்பியமையே விசேஷம். கீழைக் கடற்பிரிவின் கப்பல்கள் இந்தத் துறைமுகத்தில் நங்கூரமிட்ட இரவுகளில், அரிக்கன் லாம்பைத் திண்ணையில் மாட்டிவைத்திருந்த திருக்கடலூர் மீனவர், கடல்மேல் மிதந்த அந்த வெளிச்சத்தைத் தூரத்தே நின்று பார்த்திருப்பர்.

தரையிலே மின்சாரம் கொழும்பிலிருந்து தொடங்கிற்று. 1895 ஐ ஒட்டிப் போஸ்டட் சகோதரர் கோட்டைப் பகுதிக்குச் சிறிய அளவில் மின்சாரம் வழங்கினர். 1902 இல் திராம் வண்டிக்கும் விளக்குக்குமாக ஒரு கம்பனி எழுந்தது. 1918 இல் விமலசுரேந்திரா என்னும் பொறியியலாளர் மலைநாட்டு அருவிகளினின்று நாடு முழுமைக்கும் மின்சாரம் எடுக்கலாம் எனக் கணக்குக் காட்டி ஓர் ஆய்வுரை வாசித்தார். அவர் கனவு கண்ட லக்ஷபான வேலை 1924 இல் ஆரம்பிக்கப்பட்டு, 1927 இல் பணமின்றி நிறுத்தப்பட்டு, 1950 இலேதான் நிறைவெய்திற்று. அந்த 1927 ஆம் ஆண்டிலேதான் திருகோணமலைக்கு ரெயில் வந்தது என்பதை நினைக்கும்போது, மலைநாட்டு அருவிக்கும் இந்தக் கடற்கரைக்கும் இடையே அன்று எவ்வளவு தூரம் இருந்தது என்பது புலப்படும். மலையருவியின் மின்சாரம் எட்டாத ஊர்களிலே எண்ணெய் குடிக்கும் இயந்திரங்களே விளக்கெரித்தன. அவை ஓயும் நேரத்தில் ஊரும் இருண்டது.

கடற்படையின் கதி வேறு. 1905 ஐ ஒட்டிச் செலவுச் சுருக்கம் கருதித் தளத்தை ஒடுக்கிய ஆங்கில அரசாங்கம், முதல் மகாயுத்தத்தின் பின் மனம்மாறி, சீனக்குடாக் காட்டினுள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளத்தக்க எண்ணெய்த் தாங்கிகளை நூறளவிற் கட்டியெழுப்பிற்று. எண்ணெயும் வெடிமருந்தும் ஒருங்கிருந்த இடத்தில் மின்கம்பியின் ஒரு பொறி என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பிரித்தானியப் படைக் கட்டடங்களில் வழங்கிய முறைப்படி கம்பிகள் இரும்புக் குழாயினுள்ளே செலுத்தப்பட்டன; அல்லது ஈயவுறை போர்த்திய கம்பிகள் இடப்பட்டன. குறித்த காலத்துக்கொருமுறை அவை அளக்கப்பட்டு, அளவு குறிப்பேட்டிலே பதியப்பட்டது. அதற்கென ஒரு கருவியும் இருந்தது. எவர்ஷெட் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் வகுத்த, கைப்பிடியைச் சுழற்றி உயர்ந்த அழுத்தத்தை எழுப்பிக் கம்பியுறையின் தடையை முள்ளினாற் காட்டும் பெட்டி அது. 1903 முதல் 'மெகர்' என்னும் வாணிபப் பெயரோடு உலகெங்கும் சென்றது. இன்றைக்கும் எம்மூர் வயர்மன்மார் "மெகர் அடித்துப் பார்த்தீர்களா?" என்றே ஒருவரையொருவர் கேட்பர்.

1942 ஏப்ரல் 9 ஆந் திகதி காலையில் யப்பானிய விமானங்கள் சீனக்குடா விமானத்தளத்தையும் கப்பற்றளத்தையும் தாக்கின. எண்ணெய்த் தாங்கி ஒன்று பற்றி நாட்கணக்காக எரிந்தது. 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. நான்கு நாட்களுக்கு முன் கொழும்பும் தாக்கப்பட்டிருந்தது. கரையோர நகரங்களில் விளக்கு மறைப்புக் கட்டளை ஆட்சி செலுத்திய அந்நாட்களிலே, வெளிச்சம் உள்ள வீடு பயத்துக்குரிய வீடாயிற்று. சனங்கள் காட்டோரக் கிராமங்களுக்கு ஓடினர். யுத்தம் முடியும்வரை துறைமுகம் வீங்கிக்கொண்டே சென்றது. கப்பற்பட்டறையிலும் விமானத்தளத்திலும் இவ்வூர்த் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் மலையாளிகளும் வேலை பழகினர்.

1957 ஒக்டோபரில் தளம் இலங்கை அரசாங்கத்திடம் கையளிக்கப்பட்டது. சுதேச அபிமானத்துக்கு அது மகிழ்ச்சி தந்த நாளாயினும், பட்டறையை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அடுப்பெரியாத நாட்களின் தொடக்கமும் அதுவே. பழகிய கைகள் பல வேலையிழந்து ஊருக்குள் திரும்பின. பொருத்துவதிலும் பழுதுபார்ப்பதிலும் தேர்ந்திருந்தோர் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் இறங்கினர். ஆயினும் பட்டறையிலே அவர்களுக்கு மேலதிகாரி இருந்தான், குறிப்பேடு இருந்தது, அளவுகருவி இருந்தது. வீட்டிலே இருந்தவரோ செலவு குறையவேண்டும் என்று தலையிற் கைவைத்த வீட்டுக்காரர். "விளக்கு எரிகிறதுதானே, பிறகென்ன தம்பி?" என்று அவர் கேட்டால், நாட்கூலிக்கு வந்தவன் என்ன மறுமொழி சொல்வான்? வித்தை ஊருக்கு வந்து, அதன் விதி வராமற்போன சந்தி இதுவென்றே கருதுகிறேன்.

அக்காலத்து வீட்டு வயரிங்கின் அமைப்பைச் சொல்லாமல் அதன் நோயைச் சொல்ல இயலாது. ஆதியிலே, பருத்தி நூல் பின்னிய இறப்பர்க் கம்பிகள் வரி வெட்டிய மரச்சட்டத்தினுள் வைக்கப்பட்டு மேலே பலகை மூடி அடிக்கப்பட்டது. பின்னர் தடித்த இறப்பருறை அணிந்த இரட்டைக் கம்பியைத் தேக்குச் சலாகையின்மேல் பித்தளைக் கிளிப்புகளாற் பிடித்துச் சுவரோடு ஓட்டினர். 1876 இல் ஹெனரத்கொட தோட்டத்திலே நட்ட பிரேசில் நாட்டு இறப்பர்க் கன்றுகள் பெருகி, அவற்றின் பால் ஆங்கிலத் தொழிற்சாலைகளுக்குப் போய்க் கம்பியுறையாகி, அந்தக் கம்பி மீண்டும் இலங்கைச் சுவர்களில் ஏறியது என்பதை நினைத்தால் வியாபாரத்தின் விசித்திரம் விளங்கும். ஆனால் இறப்பர் சிரஞ்சீவியன்று. வெப்பத்திலும் காற்றிலும் இருபது முப்பது ஆண்டுகளில் அது வரண்டு, விரலால் தொட்டாலே பப்படம் போல நொறுங்கும். அசையாமற் கிடக்கும்வரை ஆபத்து வெளிப்படாது. புதிய உரிமையாளர் ஒரு மின்விசிறியை மாட்டுவதற்காகப் பழைய கம்பியைச் சற்றே வளைத்த அன்றைக்கே உறை உதிர்ந்து செம்பு வெளியே தெரியும். பழைய வீட்டை வாங்குவோர் முதலிலே அறியவேண்டியது இதுதான்: இறப்பர்க் கம்பி காணப்படின் அதைத் திருத்த முற்படுதல் வீண், முழுவதையும் கழற்றிப் பிளாஸ்ரிக் உறைக் கம்பி போடுவதே முறை.

1950 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்சாரச் சட்டமும், 1969 நவம்பர் முதலாந் திகதி உதயமான இலங்கை மின்சார சபையும் காலப்போக்கில் நாட்டின் மின்சாரத்தை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்தன. அனுராதபுரத்திலிருந்து வரும் உயரழுத்தத் தொடர் திருகோணமலையை நாட்டின் வலைப்பின்னலோடு இணைத்தது. சட்டம் ஒன்றாயினும் சுவருக்குள் இருப்பவை பலவாயின. ஏழு இழைக் கம்பியை அங்குல அளவிலே 7/.029 என்று சொல்லிப் பழகிய தலைமுறையும், மில்லிமீற்றரில் 7/0.67 என்று சொல்லும் தலைமுறையும் ஒரே வீட்டில் வேலை செய்திருக்கும். ஐந்து அம்பியர், பதினைந்து அம்பியர் என்னும் உருண்டைமுள் பிளக்குகளோடு இங்கிலாந்தின் சதுரமுள் பிளக்கும் கலந்து புழங்க, 2016 க்குப் பின்னர்தான் பதின்மூன்று அம்பியர்ச் சதுரமுள் வகையே நாட்டின் நியமமாகத் தீர்மானிக்கப்பட்டது. அந்தப் பிளக் இங்கிலாந்திலே இரண்டாம் மகாயுத்தத்தின் செப்புத் தட்டுப்பாட்டினிடையே ஆலோசிக்கப்பட்டு 1947 இல் நியமமானது. வண்ணங்களிலே குழப்பம் இன்னும் பெரிது. பழைய முறையில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமற்கம்பி, பச்சை புவிக்கம்பி. புதிய முறையில் மண்ணிறம் உயிர், நீலம் நொதுமல், பச்சையும் மஞ்சளும் கலந்தது புவி. பழைய மும்முனை இணைப்பிலோ நீலமும் ஓர் உயிர்க்கம்பியே. ஆகவே மும்முனை இணைப்புள்ள பழைய மனையிலே புதிய அறையொன்றைச் சேர்க்க வந்தவன், நீலம் நொதுமலென்று நம்பித் தொட்டால் அது அவனைக் கொல்லவும் கூடும். நிறத்தை நம்பாது ஒவ்வொன்றையும் டெஸ்டர் வைத்துப் பார்ப்பவனே தொழிலறிந்தவன்.

இவையெல்லாம் இலங்கையின் எந்த ஊருக்கும் பொது. திருகோணமலைக்கென்று இரண்டு பகைகள் உள. ஒன்று உப்பு, மற்றது பாறை.

நிலாவெளிப் பக்கத்தில் உப்பு விளைவிக்க உப்பளம் கட்டவேண்டியிருக்கிறது. டச்சுக் குடாவை நோக்கிய வீடுகளின் ஆளிப் பெட்டிக்குள்ளே அது கேளாமலே விளைகிறது. காற்றில் வரும் உப்புத்துகள் பித்தளைத் திருகுகளில் படிந்து, இரவின் ஈரத்தை உறிஞ்சி, செம்பின்மேல் பச்சைக் களிம்பை ஏற்றும். களிம்பேறிய இடத்திலே தொடுகை தளரும். தளர்ந்த இடம் மின்சாரம் பாயும்போது சூடேறும். சூட்டினால் உறை கருகும். கருகிய உறை பின்னும் மின்சாரத்தைக் கசியவிடும். பீங்கான் உருகிப் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒரு பக்கம் மாத்திரம் கறுத்திருப்பது இதன் அடையாளம். உருகி அடிக்கடி போகின்றதென்று அதற்குத் தடித்த கம்பியைக் கட்டுவது, வாசற்காவலன் சத்தமிடுகிறானென்று அவன் வாயைப் பொத்துவதற்குச் சமம். கடலோர வீட்டிலே ஆண்டுக்கொருமுறை மெயின் சுவிட்சை நிறுத்தி, ஆளிகளையும் பிளக்குகளையும் கழற்றி, எறும்புக் கூட்டையும் களிம்பையும் துடைத்து, திருகுகளை இறுக்கினால் வாழ்நாள் கூடும். அரை நாள் வேலைதான். ஆனால் அதைச் செய்யும் வீடுகள் சிலவே.

பாறையின் கதை இதனினும் ஆழமானது. எம்நாட்டு முறையிலே, மின்சாரம் வழங்குவோர் வீட்டுக்குத் தருவன உயிர்க்கம்பியும் நொதுமற்கம்பியுமே. புவித்தொடுப்பை ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் வளவிலேயே ஒரு செப்புக் கோலை இறக்கிச் செய்துகொள்ள வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் உடலிலோ கிணற்று மோட்டரின் உறையிலோ உயிர்க்கம்பி பட்டால், கசியும் மின்சாரம் அந்தக் கோல் வழியே மண்ணுக்குள் இறங்கி, மின்மாற்றியின் அடியிலுள்ள தொடுப்பை நாடிச் செல்லவேண்டும். தம்பலகாமத்து வயற்கரையில் ஈரமண் அதற்கு எளிதில் வழிவிடும். உவர்மலையிலும் கோணேசர் மலைச் சாரலிலும் சில அடிக்குக் கீழே பாறை. கோல் இறங்காது, இறங்கினாலும் வரண்ட மண் வழிவிடாது. மண்ணின் தடை 100 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ற் அழுத்தத்தில் ஓடக்கூடிய மின்சாரம் 2.3 அம்பியரே. ஐந்து அம்பியர் உருகியும் அதற்கு அசையாது. பதினைந்து அம்பியர் உருகி அதனை அறியவும் மாட்டாது. உருகி காப்பாற்றும் என்று நம்பிய குடும்பம், ஈரக்காலோடு மோட்டரைத் தொடும் நாள்வரை நிம்மதியாகவே இருக்கும். தொழிலாளர் குழி தோண்டி உப்பும் கரியுமிட்டு நீரூற்றிச் செய்த உபாயங்கள் சிலகாலம் பயன்பட்டு, மழையிலே கரைந்தன.

இந்த இடரை நீக்க வந்ததே ட்ரிப் சுவிட்ச். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் ஒன்றுக்கொன்று ஈடாக உள்ளனவா என்பதை அது ஓயாது ஒப்புநோக்கி, 30 மில்லி அம்பியர் அளவுக்கு வித்தியாசம் கண்டால் கணத்திலே சுற்றை அறுத்துவிடும். மண்ணின் தடை ஆயிரம் ஓம் ஆனாலும் அதற்குப் போதிய மின்சாரம் கசியும். பாறைமேல் குடியிருப்போருக்கு இதனினும் பெரிய உபகாரத்தை எந்தக் கருவியும் செய்ததில்லை. ஆயினும் உப்பும் ஈரமும் சேர்ந்த மாரி இரவுகளிலே அது அடிக்கடி விழுவதால், "இந்தச் சனியனைக் கழற்றிவிடுங்கோ அண்ணை" என்று சொல்லும் வீடுகள் இருக்கின்றன, சொன்னபடி கழற்றும் அண்ணைமாரும் இருக்கின்றனர். அது விழுவது நோயின் குறியென்று அறிந்தவர், ஒவ்வொரு சுற்றாக நிறுத்திப் பார்த்து, கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பர். அநேகமாக அது வெளிச்சுவரில் நனையும் விளக்காகவோ கிணற்று மோட்டராகவோ இருக்கும்.

பிற்காலத்தில், இந்த மாவட்டத்திலே புதிய வீடு என்பதன் பொருளே மாறிற்று. 1964 டிசெம்பர்ச் சூறாவளி கூரைகளையும் மின்கம்பங்களையும் ஒருங்கே சாய்த்தது. 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை கிண்ணியாவையும் மூதூரையும் நகரின் கரையோரத்தையும் மூழ்கடித்தபோது, அலை வடிந்த பின் சுவர்கள் நின்ற வீடுகள் பல உண்டு. அவற்றின் ஆளிகளும் கம்பிகளும் கடல்நீர் குடித்திருந்தன. வெயிலிற் காயவைத்தால் நீர் போகும், உப்புப் போகாது. அத்தகைய கம்பியை மீண்டும் இயக்குதல் தற்கொலைக்கு ஒப்பு. யுத்தம் இன்னொரு விதத்திலே வீடுகளை வெறுமையாக்கிற்று. 2006 இல் சம்பூர், மூதூர் கிழக்குப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் அகதி முகாம்களில் ஆண்டுகளைக் கழித்தனர். சம்பூர் நிலத்தின் ஒரு பகுதியில் இந்தியாவோடு சேர்ந்து நிலக்கரி மின்னிலையம் எழுப்புவதென்று தீர்மானிக்கப்பட்டது; 2015 ஐ ஒட்டி மக்கள் திரும்பத் தொடங்கினர்; 2016 இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது; பின்னர் அது சூரிய மின்னிலையமாக உருமாறி 2025 ஏப்ரலில் அதற்கான தொடக்கவிழா நடந்தது. தங்கள் கைவிளக்கை ஏந்திக்கொண்டு மரநிழலில் கூடாரமடித்திருந்தவர்களின் காணியிலே நாட்டுக்கு வெளிச்சம் உண்டாக்கக் கணக்குப் போட்டது எந்த நீதியென்று எனக்கு விளங்கவில்லை.

இன்று புதிய இணைப்புக் கேட்போர், வயரிங் செய்தவரின் சோதனை அறிக்கையைக் கையளித்தே இணைப்புப் பெறவேண்டும். கடற்படையின் குறிப்பேடு ஒருவகையில் மதிலைத் தாண்டி வந்துவிட்டது எனலாம். அதிலே எழுதவேண்டியவை அதிகமில்லை: 500 வோல்ற்றில் மெகர் அடித்தால் உறையின் தடை ஒரு மெகா ஓமுக்குக் குறையலாகாது, ஆளி உயிர்க்கம்பியிலே அமைந்திருக்கவேண்டும், பிளக்கின் புவித்துளை மெய்யாகவே கோலோடு தொடர்புற்றிருக்கவேண்டும், ட்ரிப் விழவேண்டிய அளவில் விழவேண்டும், கோலின் தடை எவ்வளவென்று காட்டவேண்டும். இந்தக் கடைசி இலக்கத்தைப் பற்றி மாத்திரம் ஒரு சொல். வீடுகட்டுவோர் பலர் மாரிக்கு முன் கூரை போட்டு, தை பிறக்கும்போது குடிபூரல் வைப்பதால், புவித்தொடுப்பை அளப்பதும் கார்த்திகை மார்கழி மழையில் மண் ஊறிக்கிடக்கும் நாட்களிலேயே நேர்கின்றது. அப்போது உவர்மலைப் பாறைகூட நல்ல பெயர் வாங்கும். வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் அடித்து, வளவு வெடித்து, கிணறு அடிமட்டத்தைத் தொடும் காலத்தில் அதே கோலை இன்னொருமுறை அளக்கச் சொல்லுங்கள். மார்கழி அறிக்கையோடு ஒப்பிட்டு, தடை எங்கே உயர்ந்திருக்கிறதோ அங்கே இன்னொரு கோலைச் சற்றுத் தள்ளி இறக்கி இரண்டையும் இணைக்கச் சொல்லுங்கள். செப்புக் கோலின் விலை, குடிபூரலன்று கட்டும் பந்தலின் கூலியை எட்டாது.